போன் கேமராவில் எடுக்கும் படம் நேரடியாக வெளி டிரைவுக்குப் போக வழி உண்டா?

பனையோலை கேட்டது:

வணக்கம். கோயில் கல்வெட்டுகளைப் படமெடுத்துப் பதிவுசெய்யும் சிறு குழு எங்களுடையது. இரண்டு போன்களில் எடுக்கிறோம்: ஒன்று சாம்சங் எஸ்23, இன்னொன்று ஐபோன் 15. இரண்டுமே 128 ஜிபி, இரண்டிலும் மெமரி கார்டு போட இடமில்லை. எழுத்து தெளிவாக விழ வேண்டும் என்பதால் சாம்சங்கில் 50 மெகாபிக்சலில் எடுக்கிறோம். ஒரு படம் 12 முதல் 15 எம்பி வரை வருகிறது. பெரிய கோயிலின் அதிட்டானம் (சுவருக்குக் கீழுள்ள அடித்தளம்) முழுவதையும் எடுத்தால் ஒரே நாளில் 600 படம் சாதாரணம். நாலைந்து நாள் தொடர்ந்து வெளியூரில் இருந்தால் போன் நிரம்பிவிடுகிறது. பல ஊர்களில் நெட் நிச்சயமில்லை, எனவே கிளவுட் சரிப்படாது.

படம் போனுக்குள் தங்காமல், எடுக்கும்போதே வெளி டிரைவில் போய் விழும்படி செய்ய முடியுமா? சாம்சங் கேமரா செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் லொகேஷன்’ என்ற வரியே இல்லை. கையில் இருப்பவை: 1 டிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிரைவ்), பழைய 2 டிபி ஹார்ட் டிஸ்க், இருபக்கமும் முனை உள்ள 128 ஜிபி பென் டிரைவ். ஹார்ட் டிஸ்க்கைப் போனில் செருகினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது, திரையில் ஒன்றும் தோன்றுவதில்லை. எஸ்எஸ்டி தெரிகிறது, ஆனால் ‘ஃபார்மேட் செய்யவும்’ என்று கேட்கிறது. கம்ப்யூட்டரில் போட்டால் நன்றாகவே வேலை செய்கிறது.

---

வைகைக்கரை:

சாம்சங் கேமராவில் அந்த வசதி எங்கோ ஒளிந்திருக்கவில்லை, உண்மையிலேயே இல்லை. ‘ஸ்டோரேஜ் லொகேஷன்’ என்ற வரி மெமரி கார்டு செருகிய போன்களில்தான் தோன்றும். எஸ் வரிசையில் 2021இல் வந்த எஸ்21 முதலே கார்டு இடத்தை எடுத்துவிட்டார்கள்.

யூஎஸ்பி டிரைவை ஆண்ட்ராய்டு கார்டு மாதிரி நடத்துவதில்லை. கார்டில் இருக்கும் படங்கள் போனின் மீடியா பட்டியலில் ஏறும், கேலரி முதல் எல்லா ஆப்களுக்கும் தெரியும். யூஎஸ்பி டிரைவை எந்த நொடியிலும் பிடுங்கிவிடலாம் என்பதால் அதை ஒதுக்கி வைத்து, ‘ஸ்டோரேஜ் ஆக்சஸ் ஃப்ரேம்வொர்க்’ என்ற ஒரே வாசல் வழியாக மட்டும் ஆப்களை உள்ளே விடுகிறது. நீங்கள் ஒரு ஃபோல்டரைக் காட்டி அனுமதித்தால்தான் ஆப் அங்கே எழுதலாம். போனோடு வரும் கேமரா ஆப்கள் பெரும்பாலும் அந்த வாசலைத் தட்டுவதே இல்லை.

தட்டுகிற ஆப் ஒன்று ‘ஓப்பன் கேமரா’. இலவசம், மூல நிரலும் திறந்தது, பிளே ஸ்டோரில் கிடைக்கும். செய்ய வேண்டியது:

முதலில் டிரைவைச் செருகி, மை ஃபைல்ஸ் ஆப்பில் அதைத் திறந்து ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். டிரைவின் மேல்மட்டத்தையே அப்படியே தேர்ந்தெடுக்க ஆண்ட்ராய்டு 11க்குப் பிறகு சில இடங்களில் விடுவதில்லை, அதனால்தான் உள்ளே ஒரு ஃபோல்டர். பிறகு ஓப்பன் கேமரா செட்டிங்ஸில் ‘யூஸ் ஸ்டோரேஜ் ஆக்சஸ் ஃப்ரேம்வொர்க்’ என்பதை ஆன் செய்யுங்கள். ஃபோல்டர் தேர்வுத் திரை வரும். இடப்பக்கப் பட்டியலில் யூஎஸ்பி டிரைவைத் தொட்டு, முன்பு செய்த ஃபோல்டருக்குள் போய், ‘யூஸ் திஸ் ஃபோல்டர்’ கொடுத்து அனுமதியுங்கள். அதன் பின் எடுக்கும் படம் அங்கே போகும். டிரைவைக் கழற்றி மாட்டினாலும் அனுமதி நிற்கும். ஆனால் டிரைவை ஃபார்மேட் செய்தால் அதன் அடையாள எண் மாறிவிடும், ஃபோல்டரை மறுபடி காட்டவேண்டும்.

ஹார்ட் டிஸ்க் விஷயம்: 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் 5 வோல்ட்டில் ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும். போனின் போர்ட் கொடுப்பது பொதுவாக 500 முதல் 900 மில்லிஆம்பியர். தட்டு சுழல ஆரம்பிக்கிறது, வேகம் எடுக்க மின்சாரம் போதாமல் நிற்கிறது, மறுபடி முயல்கிறது. நீங்கள் கேட்பது அந்தச் சத்தம். இப்படித் திரும்பத் திரும்ப விட்டால் டிஸ்க் கெட்டுவிடும், உடனே கழற்றுங்கள். அதைப் போனோடு இணைக்க வேண்டுமென்றால் தனி சார்ஜர் இணைப்பு உள்ள யூஎஸ்பி ஹப் வேண்டும்.

எஸ்எஸ்டி ஃபார்மேட் கேட்பது வேறு காரணம். அது என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபார்மேட் முறை) ஆக இருக்கும், அல்லது மேக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தியதாக இருக்கும். கம்ப்யூட்டரில் உள்ளதை வேறிடத்தில் காப்பி செய்துவிட்டு, எக்ஸ்ஃபேட் முறையில் (விண்டோஸ், மேக், போன் எல்லாம் படிக்கும் முறை), ஒரே பார்ட்டிஷனாக ஃபார்மேட் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட் வரையறையை மைக்ரோசாஃப்ட் 2019இல் வெளியிட்டது. 2020இல், ஆண்ட்ராய்டுக்கு அடிப்படையான லினக்ஸின் 5.7 கர்னலில் சாம்சங் எழுதிய டிரைவர் சேர்ந்தது. அதனால் இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஐபோனும் எக்ஸ்ஃபேட்டைப் படிக்கும், எழுதும். ஃபேட்32 எங்கும் ஓடும், ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைலை அதில் வைக்க முடியாது. கோயிலைச் சுற்றி நீளமாக ஒரு வீடியோ எடுத்தால் அங்கே முட்டும்.

---

கரிசல்மண்:

வைகைக்கரை சொன்ன வழி வேலை செய்யும். ஆனால் கல்வெட்டு வேலைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன், காரணத்தோடு சொல்கிறேன்.

எடுக்கும்போதே டிரைவில் எழுதவேண்டுமானால் டிரைவ் போனிலேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். அதிட்டானத்தின் கீழ்வரிசை எழுத்துக்குக் குனிந்து, போனைச் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சம் பிடித்து எடுக்கும்போது டைப்-சி முனை ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் இணைப்பு அறுந்துபோகும். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் கிடையாது. அதாவது, பாதி எழுதியபோது நின்றுபோனால் என்ன நடந்தது என்று பின்னால் பார்த்துச் சரிசெய்துகொள்ளும் பதிவேடு அதில் இல்லை. அந்த ஒரு படத்தோடு போகாமல் ஃபோல்டர் பட்டியலே சிதையலாம். போனின் உள்நினைவகத்தில் அந்த ஆபத்து மிகக் குறைவு.

இரண்டாவது, படத்தின் தரம். பல சட்டகங்களைச் சேர்த்து நிழலையும் வெளிச்சத்தையும் சமன்செய்யும் வேலை சாம்சங்கின் சொந்தக் கேமரா ஆப்பில் நடக்கிறது. வெளி ஆப்களுக்கு அது முழுதாகக் கிடைப்பதில்லை. 50 மெகாபிக்சல் அளவே சில போன்களில் வெளி ஆப்பின் பட்டியலில் வராது. இருட்டான திருச்சுற்றில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். மூன்றாவது, டிரைவ் போனின் பேட்டரியைத் தின்னும், ஒரே போர்ட் என்பதால் ஹப் இல்லாமல் அதே நேரம் கேபிளில் சார்ஜும் போட முடியாது.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ள அவசியம் உண்டா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 படம், படத்துக்கு 15 எம்பி: 9 ஜிபி. யூஎஸ்பி 2 வேகத்தில் நடைமுறையில் நொடிக்கு 35 எம்பி போகும், ஆக நாலரை நிமிடம். எஸ்23இன் போர்ட் யூஎஸ்பி 3.2 ஜென் 1, நல்ல கேபிளும் எஸ்எஸ்டியும் இருந்தால் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் போகும், ஒன்றரை நிமிடத்தில் முடியும். நாள் முழுதும் டிரைவைத் தொங்கவிடுவதற்குப் பதில் மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை என்று உட்கார்ந்து காப்பி செய்தால் போதும். போன் நிரம்பாது, படம் இரண்டு இடத்திலும் சில மணி நேரமாவது இருக்கும். அந்தச் சில மணி நேரம் முக்கியம். நேரடியாக டிரைவில் எழுதினால் எந்த நேரத்திலும் உங்களிடம் ஒரே ஒரு பிரதிதான்.

கேபிளைப் பற்றி: சார்ஜரோடு வரும் டைப்-சி கேபிள் பெரும்பாலும் யூஎஸ்பி 2 கம்பிகள் மட்டும் உள்ளது. எஸ்எஸ்டி பெட்டியோடு வந்த குட்டைக் கேபிளைப் பயன்படுத்துங்கள். வேகம் சந்தேகமாக இருந்தால் 1 ஜிபி வீடியோ ஒன்றைக் காப்பி செய்து நேரம் பாருங்கள். 30 நொடி ஆனால் யூஎஸ்பி 2, 10 நொடிக்குள் முடிந்தால் யூஎஸ்பி 3.

பென் டிரைவை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதன்மையாக வேண்டாம். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண் படிக்கும் வேகம். விலை குறைந்தவை முதல் சில நூறு எம்பி வரை வேகமாக எழுதிவிட்டு, சூடேறியதும் நொடிக்கு 10, 15 எம்பி என்று இறங்கிவிடும்.

சாம்சங்கில் செய்முறை: எஸ்எஸ்டியைச் செருகுங்கள். கேலரி வழியாகப் போகாதீர்கள். மை ஃபைல்ஸ் ஆப்பில் உள்நினைவகம், டிசிஐஎம், கேமரா என்று போங்கள். அன்றைய தேதியின் முதல் படத்தை அழுத்திப் பிடித்து, விரலை எடுக்காமல் கீழே இழுத்தால் வரிசையாகத் தேர்வாகும். ‘காப்பி’ கொடுங்கள், ‘மூவ்’ வேண்டவே வேண்டாம். மூவ் என்பது காப்பி செய்து உடனே அழிப்பது. நடுவில் நின்றால் எது போனது, எது இருக்கிறது என்று தேட வேண்டிவரும். யூஎஸ்பி ஸ்டோரேஜில் அன்றைய ஃபோல்டரைத் திறந்து ‘காப்பி ஹியர்’. முடிந்ததும் இரண்டு பக்கமும் தேர்ந்தெடுத்து ‘டீட்டெயில்ஸ்’ பாருங்கள். ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போக வேண்டும். பிறகு டிரைவிலிருந்தே ஏழெட்டுப் படத்தைத் திறந்து, எழுத்து தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். சிறுபடம் சரியாகத் தெரிந்தும் முழுப்படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருக்கலாம்.

கழற்றும் முன் நோட்டிஃபிகேஷனை இறக்கி ‘எஜெக்ட்’ அழுத்துங்கள். போன் திரையில் காப்பி முடிந்ததாகக் காட்டினாலும் கடைசிப் பகுதி இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம்.

படத்தை அழித்த பின்னும் இடம் கூடவில்லையே என்று திகைக்க வேண்டாம். கேலரியிலும் மை ஃபைல்ஸிலும் ‘டிராஷ்’ உண்டு, 30 நாள் வைத்திருக்கும். அதைக் காலி செய்தால்தான் இடம் திரும்பும். டிரைவின் இரண்டாவது பிரதி தயாராகும்வரை காலி செய்யாமல் இருப்பது நல்லது.

---

பனையோலை:

மிக்க நன்றி, இருவருக்கும். எஸ்எஸ்டி என்டிஎஃப்எஸ்தான். எக்ஸ்ஃபேட்டாக மாற்றியாயிற்று, இப்போது சாம்சங்கில் திறக்கிறது. மதியமும் இரவும் காப்பி என்பதே எங்களுக்குப் பொருந்தும்.

ஐபோனில் என்ன செய்வது? அதில் போட்டோஸ் ஆப்பிலிருந்து ‘சேவ் டு ஃபைல்ஸ்’ கொடுத்தால் 500 படத்துக்கு ‘பிரிப்பேரிங்’ என்று நின்றுவிடுகிறது. இன்னொன்று, காப்பி செய்த படங்களின் தேதி எல்லாம் இன்றைய தேதியாகக் காட்டுகிறது. எந்தச் சுவரை எந்த நாள் எடுத்தோம் என்ற வரிசை எங்களுக்கு மிகவும் தேவை.

---

நெய்தல்:

ஐபோன் பக்கம் நான் சொல்கிறேன் சார்.

நேரடிப் பதிவு என்பது ஐபோனின் சொந்தக் கேமராவில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் உண்டு: புரோரெஸ் வீடியோ (அதிகம் சுருக்காத, உயர்தர வீடியோ வடிவம்). அதுவும் 15 புரோ முதல் புரோ மாடல்களில் மட்டும். அதற்கு ஆப்பிள் கேட்கும் நிபந்தனைகள்: டிரைவ் நொடிக்குக் குறைந்தது 220 எம்பி எழுத வேண்டும், 4.5 வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது, எக்ஸ்ஃபேட் அல்லது ஏபிஎஃப்எஸ் (ஆப்பிளின் சொந்த ஃபார்மேட் முறை) ஆக இருக்கவேண்டும், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கக்கூடாது. 4கே புரோரெஸ் நிமிடத்துக்கு 6 ஜிபி பிடிக்கும் என்பதால்தான் அந்த ஏற்பாடே. நிழற்படத்துக்கு அந்த வசதி புரோவிலும் இல்லை, உங்கள் 15இலும் இல்லை. மேலும், சாதா 15இன் போர்ட் டைப்-சி வடிவில் இருந்தாலும் வேகம் யூஎஸ்பி 2தான். எவ்வளவு விலையுள்ள கேபிள் போட்டாலும் நொடிக்கு 35, 40 எம்பிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

‘பிரிப்பேரிங்’ நிற்பதற்கு மூன்று காரணங்களைப் பாருங்கள். ஐகிளவுட் போட்டோஸ் ஆனில் இருந்து, ‘ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்’ தேர்வாகியிருந்தால், முழுப்படம் போனிலேயே இல்லாமல் இருக்கலாம். நெட் இல்லாத ஊரில் அது இறங்கவே இறங்காது. களத்துக்குப் போகும் முன்பே ‘டவுன்லோட் அண்ட் கீப் ஒரிஜினல்ஸ்’ என்று மாற்றிவிட வேண்டும். அடுத்து, ஏற்றுமதிக்குத் தயார் செய்யும்போது போனின் உள்நினைவகத்தில் தற்காலிகமாக இடம் பிடிக்கும். போன் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அங்கேயே நின்றுவிடும். 5 ஜிபியாவது காலியாக வைத்திருங்கள். மூன்றாவது, நடுவில் திரை அணைந்து பூட்டிக்கொள்வது. காப்பி செய்யும்போது மட்டும் ‘டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ்’ பகுதியில் ‘ஆட்டோ-லாக்’கை ‘நெவர்’ ஆக்குங்கள், முடிந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள்.

500ஐயும் ஒரே தடவையில் தேர்ந்தெடுக்காமல் 150, 200 என்று பிரித்து அனுப்புங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் டிரைவில் தனி ஃபோல்டர் இருந்தால் எண்ணிச் சரிபார்ப்பது எளிது.

‘சேவ் டு ஃபைல்ஸ்’ என்பதற்குப் பதிலாக அதே ஷேர் பட்டியலில் கீழே ‘எக்ஸ்போர்ட் அன்மாடிஃபைட் ஒரிஜினல்’ இருக்கும். ஆவண வேலைக்கு அதுதான் சரி. முதலாவது, நீங்கள் வெட்டியோ வெளிச்சம் கூட்டியோ திருத்தியிருந்தால் திருத்திய படத்தைத்தான் அனுப்பும். இரண்டாவது, கேமரா பதிந்த மூலத்தை அப்படியே அனுப்பும். லைவ் போட்டோ ஆனில் இருந்தால் ஒவ்வொரு படத்தோடும் ஒரு சிறு வீடியோ ஃபைலும் வரும். கல்வெட்டுக்கு அது தேவையில்லை, கேமராவில் அணைத்துவிட்டால் இடமும் மிச்சம். எண்ணிக்கை ஒப்பிடும்போதும் குழப்பம் வராது.

வடிவம்: ஐபோன் ஹெய்க் ஆகச் சேமிக்கும். ஜேபெக்கைவிட ஏறக்குறைய பாதி இடம் பிடிக்கும், தரம் குறைவதில்லை. ஆனால் குழுவில் விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால் அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து ஹெய்ஃப் எக்ஸ்டென்ஷன் போடவேண்டியிருக்கும். பத்து வருடம் கழித்து யார் கையில் எந்தக் கருவி இருக்கும் என்று தெரியாத சேகரிப்பு இது. ஆகவே ‘கேமரா, ஃபார்மேட்ஸ், மோஸ்ட் கம்பேட்டிபிள்’ வைத்து ஜேபெக்காகவே எடுக்கலாம் என்பது என் கருத்து. இடம்தான் எஸ்எஸ்டியில் தாராளமாக இருக்கிறதே.

தங்கும் இடத்தில் மேக் இருந்தால் இன்னும் சுலபம். ஐபோனையும் எஸ்எஸ்டியையும் மேக்கில் செருகி, ‘இமேஜ் கேப்சர்’ என்ற ஆப்பைத் திறந்து, ‘இம்போர்ட் டு’ இடத்தில் எஸ்எஸ்டி ஃபோல்டரைக் காட்டினால் ஆயிரம் படத்தையும் தடையில்லாமல் நேராக எஸ்எஸ்டிக்குக் கொண்டுபோகும். மேக்கின் வட்டில் எதுவும் தங்காது. விண்டோஸ் என்றால் ஐபோன் செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதிக்குப் போய், ‘டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி’ என்பதை ‘கீப் ஒரிஜினல்ஸ்’ ஆக்கிவிட்டுத் தொடங்குங்கள். ‘ஆட்டோமேட்டிக்’கில் விட்டால் போகும் வழியிலேயே வடிவம் மாற்ற முயன்று, ‘கருவி இயங்கவில்லை’ என்ற பிழையோடு பாதியில் நிற்கும்.

கடைசியாக, மிகவும் முக்கியம்: ஐகிளவுட் போட்டோஸ் ஆனில் இருக்கும்போது ஐபோனில் ஒரு படத்தை அழித்தால் அது ஐகிளவுடிலும், அதே கணக்கில் உள்ள ஐபேட், மேக் எல்லாவற்றிலும் அழியும். போனில் இடம் செய்வதற்காகத்தானே அழித்தேன், கிளவுடில் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இருக்காது. ‘ரீசன்ட்லி டிலீடட்’ பகுதியில் 30 நாள் மட்டுமே கிடைக்கும்.

---

தாமிரபரணி:

அண்ணே, இடையில் ஒரு கேள்வி. என்னிடம் இருப்பது ரியல்மி. டிரைவ் செருகினால் சில நேரம் தெரிகிறது, காப்பிக்கு முன் வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால் காணாமல் போய்விடுகிறது. டிரைவ் கெட்டுவிட்டதா?

---

வைகைக்கரை:

டிரைவ் நன்றாகத்தான் இருக்கும் தம்பி. ரியல்மி, ஒப்போ, ஒன்பிளஸ் போன்களில் ‘ஓடிஜி கனெக்‌ஷன்’ (போனில் டிரைவ் போன்றவற்றைச் செருகும் வசதி) என்று செட்டிங்ஸில் ஒரு தனி சுவிட்ச் உண்டு. 10 நிமிடம் பயன்படுத்தாமல் விட்டால் பேட்டரியை மிச்சப்படுத்த அது தானாக அணைந்துவிடும். செட்டிங்ஸ் தேடலில் ஓடிஜி என்று போட்டால் வரும். ஒவ்வொரு முறையும் அதை ஆன் செய்துவிட்டுச் செருகுங்கள், உடனே காப்பியைத் தொடங்குங்கள். விவோவிலும் இப்படி ஒரு சுவிட்ச் இருக்கிறது. சாம்சங்கிலும் பிக்சலிலும் இந்தத் தொல்லை இல்லை.

ஹப் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சார்ஜர் இணைப்புள்ள ஹப்பில் காப்பி ஓடும்போது சார்ஜரைச் செருகவோ பிடுங்கவோ கூடாது. மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைப் போனும் ஹப்பும் அந்த நொடியில் புதிதாகப் பேசி முடிவுசெய்கின்றன. பல ஹப்களில் அப்போது டிரைவ் ஒருமுறை அறுந்து மறுபடி சேரும். கரண்ட் போய் வந்தாலும் இதேதான் நடக்கும். மின்வெட்டு உள்ள ஊரில் சார்ஜருக்குப் பதில் பவர் பேங்கை ஹப்பில் செருகிவிட்டுக் காப்பி செய்யுங்கள்.

---

கரிசல்மண்:

பனையோலை சார் கேட்ட தேதிக் கேள்விக்கு வருகிறேன்.

ஒரு படத்துக்கு இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று ஃபைலுக்கு வெளியே டிரைவ் வைத்திருக்கும் தேதி. காப்பி செய்தால் இது மாறலாம், நீங்கள் பார்ப்பது இதைத்தான். இன்னொன்று படத்துக்கு உள்ளேயே கேமரா எழுதி வைத்த எக்ஸிஃப் தேதி. காப்பி செய்வதால் இது மாறாது. கம்ப்யூட்டரில் பட ஃபோல்டரைத் திறந்து, பட்டியலில் ‘டேட் மாடிஃபைட்’ என்பதை விட்டு ‘டேட் டேக்கன்’ என்ற நெடுவரிசையைச் சேர்த்து வரிசைப்படுத்துங்கள். நீங்கள் எடுத்த ஒழுங்கு அப்படியே வரும். எக்ஸிஃப்டூல் (இந்த உள்தகவலைப் படித்து மாற்றும் மென்பொருள்) தெரிந்தவர் குழுவில் இருந்தால், உள்தேதியை எடுத்து வெளித்தேதியாக மாற்றுவது ஒரே வரிக் கட்டளை.

எக்ஸிஃப் அழிவது வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதுதான். படமாக அனுப்பினால் சுருக்கி, உள்தகவலை நீக்கிவிடும். குழுவில் யாராவது ‘நான் எடுத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வாங்காதீர்கள். நேரில் பென் டிரைவில் வாங்குங்கள். முடியாவிட்டால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது ஃபைல் அப்படியே வரும்.

ஃபைல் பெயரிலும் கவனம் வேண்டும். சாம்சங் பெயரிலேயே தேதியும் மணியும் வைக்கிறது, நல்லது. ஐபோன் வெறும் வரிசை எண், 9999க்குப் பிறகு மறுபடி 0001. இரண்டு ஐபோன்களின் படங்களை ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒரே பெயர் மோதும். ‘ரீப்ளேஸ்’ என்று கை தவறி அழுத்தினால் ஒரு சுவரே போய்விடும். போனுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் நாளுக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரியுங்கள். பிக்சல் போன் யாராவது கொண்டுவந்தால், அதன் ஃபைல் பெயரில் இருப்பது உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். காலை 5 மணிக்கு எடுத்த படத்தின் பெயரில் முந்தைய நாள் தேதி இருக்கும்.

ஃபோல்டர் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எக்ஸ்ஃபேட் யூனிகோடை ஏற்கும், தாராளமாக வைக்கலாம். மேக் கம்ப்யூட்டரின் பழைய எச்எஃப்எஸ்+ வட்டு நடுவில் வந்தால் மட்டும் ஒரு சிக்கல். ‘கோயில்’ என்பதில் உள்ள ‘கோ’வின் ஓகாரக் குறியை அது ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு இரண்டு வேறு பெயர்கள். ஒப்பிட்டுக் காப்பி செய்யும் மென்பொருள் ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டரைப் புதியது என்று நினைத்து எல்லாவற்றையும் மறுபடி கொண்டுவரும், ஒரே பெயரில் இரண்டு ‘கோயில்’ ஃபோல்டர் நிற்கும். அதைத் தவிர்க்க மேல்மட்ட ஃபோல்டருக்கு ஆண்டு-மாதம்-நாள் என்று எண்ணில் பெயர் வையுங்கள். ஊர், கோயில், சுவர், பட்டி விவரம் எல்லாம் உள்ளே ஒரு உரைக் கோப்பில் தமிழில் இருக்கட்டும். சுவர் மாறும் இடத்தில் ஒரு தாளில் ‘தெற்குச் சுவர், முப்பட்டைக் குமுதம்’ என்று, அதாவது எந்தச் சுவர், அதிட்டானத்தின் எந்த வரிசை என்று, எழுதி அதையும் ஒரு படம் எடுத்துவிட்டால், எந்த மென்பொருளும் இல்லாமலே பிரிவு தெரியும்.

புதிதாக டிரைவ் வாங்கினால் முதலில் கொள்ளளவைச் சோதித்துவிட்டே களத்துக்குக் கொண்டுபோங்கள். சில நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று ஆன்லைனில் விற்பவற்றில் உள்ளே இருப்பது 32 அல்லது 64 ஜிபி சிப். கொள்ளளவை மட்டும் பொய்யாகக் காட்டும்படி மாற்றியிருப்பார்கள். எழுதும்போது பிழை வராது, நிரம்பிய பின் பழைய படத்தின் மேலேயே எழுதிக்கொண்டு போகும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் டிரைவ் முழுதும் எழுதி, படித்து ஒப்பிட்டுச் சொல்லிவிடும். பெரிய டிரைவுக்குச் சில மணி நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் அந்தப் பழைய 2 டிபி ஹார்ட் டிஸ்க்குக்கு வேலை இருக்கிறது. போனில்தான் அது ஓடாது, கம்ப்யூட்டரில் ஓடும். நீண்ட காலம் மின்சாரமே இல்லாமல் அலமாரியில் வைக்க எஸ்எஸ்டியைவிட ஹார்ட் டிஸ்க் ஏற்றது. எஸ்எஸ்டி படத்தை மின்னேற்றமாகப் பிடித்து வைத்திருக்கிறது, அது மெல்லக் கசியும். ஜெடெக் என்ற மின்னணுத் தர அமைப்பின் அளவுகோலின்படி, எழுதும் ஆயுள் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும். புதிய எஸ்எஸ்டி அதைவிட வெகுகாலம் தாங்கும் என்றாலும், சூடு ஏற ஏற அந்தக் காலம் குறையும். நம் ஊர் மே மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி களத்துக்கு, ஹார்ட் டிஸ்க் வீட்டுக்கு. முடிந்தால் குழுவில் வேறொருவர் வீட்டில் மூன்றாவதாக ஒன்று.

---

பனையோலை:

போனுக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று என்று ஃபோல்டர் பிரித்துவிட்டோம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஏற்கெனவே சில ஆண்டுப் படங்கள் இருக்கின்றன, அதுவும் என்டிஎஃப்எஸ். அதையும் எக்ஸ்ஃபேட்டாக மாற்ற வேண்டுமா?

---

கரிசல்மண்:

வேண்டாம் சார். கம்ப்யூட்டரில் மட்டும் மாட்டப்போகிற டிஸ்க் என்டிஎஃப்எஸ் ஆகவே இருக்கட்டும். அதில் ஜர்னல் உண்டு, திடீரென்று கரண்ட் போனாலும் ஃபோல்டர் பட்டியல் பிழைத்துக்கொள்ளும். போனில் செருகியபோது டிக் டிக் என்று அடித்த டிஸ்க் அதுதான் என்பதால், புதிய படங்களை ஏற்றும் முன் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற கருவியில் அதன் ஸ்மார்ட் நிலையை (டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு) பாருங்கள். ‘ரீஅலொகேட்டட் செக்டர்ஸ்’ (கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள்), ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ (படிக்க முடியாமல் சந்தேகத்தில் உள்ள பகுதிகள்) இரண்டிலும் மூல மதிப்பு 0 என்றால் பயன்படுத்தலாம். பெண்டிங்கில் ஒன்று இரண்டு என்று எண் தெரிந்தாலே, முதல் வேலையாக உள்ளே இருக்கும் பழைய படங்களை எஸ்எஸ்டிக்கு எடுத்துவிட்டு, வேறு டிஸ்க் வாங்குங்கள்.